உப்புக் கிடங்கில் கருப்பட்டி

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். ஆராய்ச்சி மாணவி. கையில் ஒரு கத்தைத் தாள். 'சிறுகடன் நிறுவனங்களின் நிதிச் செயல்பாட்டை நிர்ணயிக்கும் காரணிகள்' — இதுதான் அவருடைய தலைப்பு. அவர் தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் என் மனைவி காபி கலந்து கொண்டுவந்துவிட்டாள்.

மொத்தம் நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். முழுமையாக ஏற்கிறேன், ஏற்கிறேன், கருத்து இல்லை... இப்படி. டிக் அடித்தால் போதும். நானும் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தேன். வட்டி விகிதம் — டிக். நிர்வாகச் செலவு — டிக். அடமானப் பொருளின் தரம் — டிக். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு பரீட்சை வைத்திருந்தால் நான் கலெக்டராகியிருப்பேன்.

எல்லாம் முடிந்த பிறகு போகிற போக்கில் கேட்டார். "சார், நீங்க செயலாளரா இருந்தப்போ வசூல் ரொம்ப நல்லா இருந்த வருஷம் எது?"

"நாலாவது வருஷம். நூத்துக்கு நூறு. ஒரு பைசா பாக்கி கிடையாது" என்றேன்.

"சூப்பர் சார்!" அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். குறித்துக்கொண்டார், பேனாவை மூடினார், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த நூற்றுக்கு நூறு எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பதில் எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. இந்தப் பக்கத்தில் எத்தனையோ வாரம் என் சாமர்த்தியங்களைச் சொல்லிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன்... இந்த வாரம் வேறு ஒன்று.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வர ஆரம்பித்திருந்த சமயம். எங்கே பார்த்தாலும் லாரி. ஊரில் ஆளாளுக்குத் துறைமுகத்தில் வேலை வாங்கிக் கொடுக்க ஒரு மாமா இருந்தார். எனக்கு அப்படி மாமா யாரும் வாய்க்கவில்லை. அதனால் ஒரு சிறுகடன் சங்கத்தில் செயலாளர் ஆனேன்.

செயலாளர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு இரும்பு அலமாரி, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். காலையில் ஆபீசைப் பெருக்குகிறவனும் நான்தான், பத்து மணிக்கு மேல் செயலாளரும் நான்தான். வயது இருபத்தொன்பது.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. முதல் நாளே எனக்கு ஒரு புத்தி சொன்னார். "தம்பி, இந்த வருசம் முத்துக் குளிப்பு உண்டுன்னு சொல்லிக்கிட்டு எவன் வந்தாலும் பத்து பைசா குடுத்துறாத." நியாயமான புத்திதான். கடலில் சிப்பியே இல்லை என்று முத்துக் குளிப்பு நின்று வருஷக்கணக்காகியிருந்தது. குளியாட்கள் சங்கு எடுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சில் மட்டும் வருஷா வருஷம் முத்து விளைந்துகொண்டே இருந்தது.

தருவைகுளத்திலிருந்து உடன்குடி வரை கடலோரம்தான் எங்கள் எல்லை. சின்னச் சின்னக் கடன்கள். வலை வாங்க, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலுக்கு, பனைக் குத்தகைக்கு. நாங்கள் நிறையத் தப்புச் செய்தோம். சிலவற்றைச் சீக்கிரமே திருத்திக்கொள்ளவும் செய்தோம்.

தருவைகுளத்தில் மாதம் ஐந்தாம் தேதி தவணை என்று நிர்ணயித்திருந்தோம். மூன்று மாதம் ஒருவரும் கட்டவில்லை. நான் நேரில் போய்க் கேட்டேன். வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "அஞ்சாந்தேதி மீன் வரும்னு கடலு ஒங்ககிட்ட எழுதிக் குடுத்திருக்கா சார்? சனிக்கிழம சாயங்காலம் வாங்க. மறுநாள் சர்ச்சுல பூசைக்குப் போவோம், கடலுக்குப் போக மாட்டோம். வாரக் கணக்கப் பாத்துப் பங்கு பிரிக்கது அன்னைக்குத்தான். துட்டு கையில இருக்கும்."

சனிக்கிழமை போனேன். துட்டு இருந்தது. கட்டினார்கள். அவ்வளவுதான் விஷயம்! வட்டியைக் குறைக்கவில்லை, மிரட்டவில்லை. கிழமையை மாற்றினோம். அதற்காக எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். ஜனங்களைக் கேட்டுச் செய்கிறவன் என்று ஒரு கர்வம் வந்துவிட்டது. அந்தக் கர்வம் ரொம்ப நாள் நீடித்தது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இப்போது உடன்குடிக்கு வருவோம்.

தேரி என்று சொல்லும் செம்மணல் மேடுகள். கண்ணுக்கு எட்டிய மட்டும் பனை. பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் ஆண்கள் மரம் ஏறிப் பதநீர் இறக்குவார்கள். பெண்கள் அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்கள். சீசன் தொடங்குமுன் பனைக் குத்தகைக்கும் பானைக்கும் முன்பணம் வேண்டும். அதைக் கொடுக்கக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரி இருந்தார். எல்லாருக்கும் அண்ணாச்சி. முன்பணம் கொடுத்தார் என்றால் சரக்கு முழுக்க அவருக்குத்தான். விலையும் அவர் சொல்வதுதான். ஆடியில் மண் விலைக்கு எடுப்பார். கார்த்திகை மார்கழியில், ஊரில் ஒரு வட்டு கருப்பட்டி கிடைக்காத சமயத்தில், நல்ல விலைக்கு விற்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். வியாபாரம் தெரிந்த மனிதர்.

இந்தப் பிடியிலிருந்து பெண்களை விடுவிக்க எங்கள் சங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. பங்குனியில் முன்பணம் நாங்களே தருகிறோம். கருப்பட்டியை ஆடியில் விற்க வேண்டாம். எங்களிடம் அடமானம் வையுங்கள். மதிப்பில் பாதியைக் கடனாகத் தருகிறோம். கார்த்திகையில் விற்று, கடனை அடைத்துவிட்டு, மிச்சத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

இருபத்து மூன்று பெண்கள் சேர்ந்தார்கள். சேர்த்தவர் தங்கபுஷ்பம். நாற்பது வயதிருக்கும். வெடுக்கென்று பேசுவார். என்னைத் 'தம்பி' என்பார். நான் 'அக்கா' என்பேன். அவர் வீட்டுக்காரர் ஏறிக்கொண்டிருந்த பனைகள் எல்லாம் குத்தகை மரங்கள். அவற்றில் ஒரு பத்துப் பனையை, நிற்கிற நிலத்தோடு, உடையவர் விற்பதாகச் சொல்லியிருந்தார். அக்காவுக்கு அந்தப் பத்துப் பனை வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

"நாலு வருசம் கார்த்திகைல வித்தா வாங்கிப்புடலாம் தம்பி. கணக்குப் போட்டுட்டேன்" என்றார். கைநாட்டு வைக்கிறவர்தான். ஆனால் அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. நானும் போட்டுப் பார்த்தேன்.

அடமானக் கருப்பட்டி எங்கே இருந்தது தெரியுமா? அவரவர் வீட்டிலேயே! அடுப்புக்கு மேலே பனஞ்சட்டத்தால் ஒரு பரண். அதில் ஓலைப்பெட்டிகளில் அடுக்கியிருப்பார்கள். நாங்கள் ஒவ்வொரு பெட்டியையும் சணலால் கட்டி, ரப்பர் ஸ்டாம்ப் குத்திய ஒரு சீட்டைத் தொங்கவிடுவோம். அதுதான் எங்கள் பாதுகாப்பு, பூட்டு, காவல் எல்லாம். ஒரு பெட்டி குறைந்ததில்லை. எப்படிக் குறையும்? அடுப்புக்கு நெருப்பு வாங்க அடுத்த வீட்டுக்காரி தினமும் வருவாள். வரும்போது பரணை ஒரு பார்வை பார்ப்பாள். "ஏளா, மேல மூலையில இருந்த பொட்டி எங்களா?" என்று அவள் கேட்பதற்கு முன்னால் திருடிவிட முடியுமா?

மூன்று வருஷம் இப்படி நடந்தது. கார்த்திகையில் விற்றார்கள், கடனைக் கட்டினார்கள். அக்கா மட்டும் மிச்சப் பணத்தை எங்கள் சங்கத்திலேயே போட்டு வைத்தார். நாலாவது வருஷம் ஆடி மாதம்... தணிக்கை அதிகாரி வந்தார்.

அவரும் நல்ல மனிதர்தான். எங்கள் சங்கத்துக்குப் பணம் கொடுத்துவந்த மேலிடத்திலிருந்து வந்தவர். உடன்குடிக்கு அழைத்துப்போனேன். அக்கா கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"அடமானப் பொருள் எங்கே?"

"அதோ... மேலே" என்றேன்.

"அடமானம் வைத்தவர் வீட்டிலேயா? சரி. முத்திரை?"

ஏணி வைத்து ஏறினார். புகை. இருமிக்கொண்டே ஒரு சீட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கரி படிந்து கன்னங்கரேலென்று இருந்தது. ஒரு எழுத்து தெரியவில்லை. இன்னொன்றைப் பார்த்தார். அதுவும் அப்படித்தான். கண்ணில் நீர் வழிய இறங்கி வந்தார்.

"இதில் முத்திரையே இல்லையே அய்யா!"

ரிப்போர்ட் வந்தது. அடமானப் பொருட்களைச் சங்கம் தன் பொறுப்பில், தன் பூட்டில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் மேலிடத்திலிருந்து பணம் வராது. அவர் எழுதியதில் எனக்கு ஒரு குற்றமும் சொல்லத் தோன்றவில்லை. புத்தகப்படி சரி. வேறு யாராயிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

கிடங்கு தேட வேண்டிய வேலை என் தலையில் விழுந்தது. உடன்குடியில் இருந்த ஒரே நல்ல கிடங்கு அண்ணாச்சியுடையது. அது ஆகாது. திருச்செந்தூரில் வாடகை கேட்டேன், மலைத்துவிட்டேன். தூத்துக்குடியிலேயே கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒன்று காலியாக இருந்தது. சிமெண்ட் தரை, ஓட்டுக் கூரை, கனத்த கதவு. வாடகை மற்றதில் பாதிகூட இல்லை. நிர்வாகச் செலவைக் குறைத்தால்தானே சங்கம் நிமிரும்? நான் பேரம் பேசி அதிலும் குறைத்தேன். தலைவர் இடத்தை நேரில் பார்க்காமலேயே என்னைத் தட்டிக்கொடுத்தார்.

அது ஏன் அவ்வளவு மலிவு? அது ஒரு பழைய உப்புக் கிடங்கு. எத்தனையோ வருஷம் உப்பு குவித்து வைத்த இடம். சுவரில் ஆள் உயரத்துக்கு உப்பு ஊறி, காரை பூத்திருந்தது. அது எனக்குத் தெரியும். தூத்துக்குடிக்காரனுக்கு உப்புக் கிடங்கு தெரியாமல் இருக்குமா? வெள்ளையடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடித்தேன்.

ஆவணியில் லாரியோடு உடன்குடி போனேன். பெண்கள் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தார்கள். முகம் ஒன்றிலும் சந்தோஷம் இல்லை.

"தம்பி, இது பொகை குடிச்சுக் கெடக்க சரக்கு. அங்கன அடுப்பு உண்டுமா?" என்று கேட்டார் அக்கா.

நான் சிரித்தேன். "குடோன்ல அடுப்பு வச்சா ஃபயர் சர்வீஸ்காரன் வருவான் அக்கா."

அவர் சிரிக்கவில்லை. "எடம் எப்படிப்பட்ட எடம்?"

அவர் திருட்டுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். "சிமெண்ட் தரை. கனமான கதவு. ரெண்டு பூட்டு. ஒரு சாவி எங்கிட்ட, ஒரு சாவி தலைவர்கிட்ட."

"பூட்டக் கேக்கல தம்பி..." என்று ஆரம்பித்தார். அதற்குள் லாரி டிரைவர் ஹாரன் அடித்தான். நான் ஏறிவிட்டேன்.

அந்த அரை வாக்கியத்தை எத்தனை தடவை நினைத்திருப்பேன் தெரியுமா? அவருக்குக் கருப்பட்டி தெரியும், கிடங்கு தெரியாது. எனக்குக் கிடங்கு தெரியும், கருப்பட்டி தெரியாது. இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் பேசியிருந்தால் போதும். தருவைகுளத்தில் கிழமையைக் கேட்டு மாற்றிய அதே ஆள்தான் நான்!

புரட்டாசிக் கடைசியில் ஒருமுறை திறந்து பார்த்தேன். பெட்டிகள் வைத்தது வைத்தபடி இருந்தன. திருப்தியாகப் பூட்டினேன். ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் நல்ல மழைதான், ஆனால் ஊர் காணாத மழை ஒன்றுமில்லை.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி சலித்துக்கொண்டாள். "உப்பு ஜாடியில தண்ணி நிக்குது. என்ன உப்போ!" அப்போது அவளுக்கு ஏழு மாதம். தலைப்பிள்ளை.

"மழைக்காலத்துல அப்படித்தான். ஜாடியத் தூக்கி அடுப்புப் பக்கத்துல வை. சூட்டுல காஞ்சிரும்" என்றேன். சொல்லிவிட்டு ரசத்தைக் குடித்தேன். நம்புவீர்களா? இதைச் சொன்ன வாய்க்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

கார்த்திகை முதல் வாரம் விலை ஏறிவிட்டது என்று தகவல் வந்தது. அக்கா இன்னும் இரண்டு பெண்களோடு முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். பத்துப் பனைக்காரரிடம் பேசி முடித்தாகிவிட்டது, தை பிறந்ததும் பத்திரம் என்று கிடங்குக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் தலைவரிடமிருந்து இரண்டாவது சாவியை வாங்கி வைத்திருந்தேன்.

கிடங்கு வாசற்படியில் கறுப்பாக ஏதோ வழிந்து, மழைத் தண்ணீரோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்குப் போன வண்டி எதிலிருந்தோ தார் கொட்டிவிட்டது என்று நினைத்தேன். அக்கா குனிந்தார். விரலால் தொட்டார். நாக்கில் வைத்தார். கதவைக் கைகாட்டினார்.

கதவைத் திறந்தேன். புளித்த வாடை முகத்தில் அடித்தது. கீழ் வரிசைப் பெட்டிகள் நசுங்கி, மேல் வரிசை அதன்மேல் சரிந்து கிடந்தது. தரை முழுக்கப் பாகு. நான் அடித்த வெள்ளையெல்லாம் உரிந்து சுவர் வியர்த்திருந்தது. மழைக்காலத்தில் உப்புச் சுவர் ஈரத்தை இழுக்கும். கருப்பட்டியும் ஈரத்தை இழுக்கும். இரண்டையும் சேர்த்து இரண்டு பூட்டுப் போட்டுப் பூட்டியிருந்தேன்.

வந்த பெண்களில் ஒருத்தி படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அக்கா அழவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, கையில் எடுக்கிற மாதிரி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தார். சுவரோரமாகக் கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்து மழைத் தண்ணீரில் கையைக் கழுவினார். "சரி சார். நாங்க வாரோம்" என்றார்.

சார்! இந்த நாலு வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. எனக்கு அந்தக் கருப்பட்டியைப் பார்த்ததைவிட அதுதான் வலித்தது.

வழித்தெடுத்ததைப் புகையிலைக்குப் பாகு போடுகிற ஒருவர் வாங்கிக்கொண்டார். வந்த பணம் லாரி வாடகைக்கும் கிடங்கைக் கழுவின கூலிக்கும் சரியாகப் போயிற்று.

பிறகு நிர்வாகக் குழுக் கூட்டம். நஷ்டம் யாருடையது? இதுதான் ஒரே கேள்வி. கடன் பத்திரத்தில் ஒரு வரி அச்சடித்திருந்தது: பொருளுக்கு இயற்கையால் ஏற்படும் சேதத்துக்குச் சங்கம் பொறுப்பாகாது. இருபத்து மூன்று பேரும் அதன் கீழேதான் கைநாட்டு வைத்திருந்தார்கள். பெண்கள் சார்பில் அக்கா வந்து சுவரோரம் நின்றார். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

தலைவர் என்னைப் பார்த்தார். "செயலாளர் என்ன சொல்லுதீரு? சேதத்துக்கு என்ன காரணம்?"

எனக்குப் பதில் தெரியும். 'உப்புக் கிடங்கு. நான் பார்த்த கிடங்கு. நான் பேரம் பேசிய வாடகை.' மூன்றே வாக்கியம். சொல்லியிருந்தால் அது இயற்கைச் சேதம் ஆகாது. சங்கம் நஷ்டத்தை ஏற்றுக்கொண்டிருக்கும். என் வேலை போயிருக்கும்.

வீட்டில் ஏழு மாதம் எட்டு மாதமாகியிருந்தது. பிரசவச் செலவு, வாடகை... எனக்குப் பயம். அதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் நான் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

"மழை சார். இந்த வருஷம் மழை ஜாஸ்தி" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பில் 'மழையினால் ஏற்பட்ட சேதம்' என்று என் கையாலேயே எழுதினேன். மறுநாள் இருபத்து மூன்று நோட்டீஸ். அசலும் வட்டியும் மாசி முடிவதற்குள் கட்ட வேண்டும்.

அவர்கள் கட்ட மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கட்டாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கட்டாவிட்டால் கேஸ் வரும். கேஸ் வந்தால் யாராவது கிடங்கைப் பற்றிக் கேட்பார்கள். நான் சொல்லாமலேயே உண்மை வெளியே வந்துவிடும். கோழைக்குத்தான் எத்தனை யோசனை!

மாசி பாதியில் அக்கா தனியாக வந்தார். மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எண்ணிப் பாருங்க சார். இருவது பேருக்கு இதுல இருக்கு, மிச்ச மூணு பேருக்கு வழி சொல்லுதேன். ரசீது தனித்தனியா வேணும்."

"எங்கேருந்து அக்கா இவ்வளவு பணம்?"

"அண்ணாச்சிட்டத்தான். வேற யாரு இருக்கா? இனி மூணு வருசத்துச் சரக்கு அவருக்குன்னு பேசி வாங்கியாச்சு."

"நீங்க இங்க போட்டு வச்ச பணம்..."

"அதயும் எடுத்துத்தான் கட்டச் சொல்லுதேன். அந்த மூணு பேருக்கு அண்ணாச்சி குடுக்க மாட்டேன்னுட்டாரு."

அது பத்துப் பனைக்கான பணம். "கொஞ்சம் பொறுத்திருக்கலாமே அக்கா... நாலு பேர்கிட்ட கேட்டிருக்கலாம். அந்தக் குடோன்..."

"உப்புக் குடோனு. தெரியும்" என்றார். "அன்னைக்கே சுவத்துல கைய வச்சு நாக்குல வச்சுப் பாத்தேன். கரிச்சுது."

"தெரிஞ்சுமா கட்டுறீங்க?"

"நாங்க வாங்குனது துட்டு. துட்டுதான குடுக்கணும்?"

"பின்ன ஏன் அக்கா கூட்டத்துல சொல்லல?"

அவர் ரசீதுகளை ஒவ்வொன்றாக வாங்கி மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்த பிறகுதான் பதில் சொன்னார்.

"நீங்க சொல்லுவியன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

கோபமில்லை. இடித்துக் காட்டுகிற குரலும் இல்லை. பஸ் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார். இருபத்து மூன்று ரசீதையும் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்த வருஷம் எங்கள் வசூல் நூற்றுக்கு நூறு. பாராட்டுக் கடிதம் வந்தது. தலைவர் ஆபீசுக்கு லட்டு வாங்கி வந்தார்.

அடுத்த பங்குனியில் புது ஃபாரங்களோடு உடன்குடி போனேன். கிடங்கு விஷயத்தை மேலிடத்தில் பேசி, அவரவர் பரணிலேயே வைத்துக்கொள்ளவும், அண்ணாச்சியின் கடனை நாங்களே அடைத்துச் சரக்கை மீட்கவும் அனுமதி வாங்கியிருந்தேன். பெண்கள் எல்லாரும் வந்தார்கள். பதநீர் கொடுத்தார்கள். என் குழந்தை ஆணா பெண்ணா என்று விசாரித்தார்கள். ஒருவரும் கைநாட்டு வைக்கவில்லை.

"இந்த வருசம் வேண்டாம் சார்" என்றார் அக்கா. அவ்வளவு மரியாதையாக யாரும் என்னைத் திருப்பி அனுப்பியதில்லை. திரும்பி வரும் வழியில் பனங்காட்டில் அவர் வீட்டுக்காரர் ஏறிக்கொண்டிருந்தார். அதே பத்துப் பனை. அவற்றை அண்ணாச்சி வாங்கியிருந்தார். இவர் கூலிக்கு ஏறினார்.

உடன்குடி கைவிட்டுப் போனதும் சங்கத்தின் பாதி வரவு போயிற்று. செய்தி ஆத்தூருக்குப் போனது, தருவைகுளத்துக்குப் போனது. இரண்டு வருஷத்தில் சங்கத்தை மூடினோம். மூடுகிற அன்றைக்கும் ஒருவரும் எங்களுக்கு ஒரு பைசா பாக்கி வைத்திருக்கவில்லை.

வசூல் நன்றாக இருந்தால் சங்கம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? காய்ச்சல் அடங்கி உடம்பு சில்லிடுவதும் உண்டு. வசூலான பணம் எதை விற்று வந்தது, யாரிடம் கைநீட்டி வந்தது என்று எந்த ஃபாரத்தில் கேட்கிறார்கள்? பெரிய பெரிய காரணங்களை எல்லாம் அடுக்குகிறோம். வட்டி, செலவு, அடமானம். எல்லாம் உண்மைதான். கடன் கொடுத்தவன் தன் தப்பைத் தன் வாயால் ஒப்புக்கொள்வானா என்பதும் ஒரு காரணம்தான். அது எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கினேன் என்றேன் அல்லவா? அப்போதும் உப்பைப் பற்றி நான் சொல்லவில்லை. தலைவர் காலமாகிவிட்டார். அவருக்கும் கடைசி வரை தெரியாது. என் மனைவிக்கு இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது.

அந்த நூற்றுக்கு நூறு வருஷத்து ஆண்டறிக்கையில் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் 'நிலுவை: இல்லை' என்று போட்டு, கீழே ஒரே ஒரு வரி இருக்கிறது: 'இச்சாதனைக்கு முழுமுதற் காரணம் செயலாளரின் நேரடி மேற்பார்வையே ஆகும்.'

அறிக்கையை எழுதியவர், செயலாளர்.